ஸ்லீவ் அறுவைக்குப் பிறகு வரும் முதல் பண்டிகை: விருந்தில் என்ன சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம்?

எடை குறைப்பதற்காக இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, பண்டிகைக்கு நான்கு நாள் உறவினர் வீட்டில் தங்கப்போகிறேன், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு நாள் கை மீறிப்போனால் வயிறு பழையபடி விரிந்துவிடுமா, பட்ட பாடெல்லாம் வீணா? இந்த இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. பட்டியலை உங்கள் மருத்துவமனையே கொடுத்திருக்கும். நான் பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை) குழு ஒன்றில் பல வருடங்களாக உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன். அறுவை மருத்துவர் இல்லை, உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் நான் பார்க்கவில்லை. அதனால் நான் சொல்வதும் உங்கள் மருத்துவக் குழு சொன்னதும் எங்காவது முரண்பட்டால், அவர்கள் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் அந்தப் பயம். ஒரு விருந்தால் வயிறு விரிந்துவிடாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலேயோ எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குறுகலான குழாய். எடுக்கப்படுவதில் இரைப்பையின் மேல்பகுதியும் அடக்கம். சாப்பாடு வர வர நெகிழ்ந்து இடம் கொடுப்பது அந்தப் பகுதிதான், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதும் அங்கேதான். இப்போது அது இல்லை. அளவு மீறினால் குழாய் விட்டுக்கொடுக்காது. நெஞ்சை அடைக்கும், குமட்டும், வாந்தி வரும். அதாவது ஒரு நாள் கை மீறினால் அன்றைக்கே அவதிப்படுவீர்கள், அவ்வளவுதான். இது உறுதியாகச் சொல்லக்கூடியது. வருடக்கணக்கில் என்ன ஆகும் என்பதுதான் அவ்வளவு தெளிவில்லாத இடம். காலப்போக்கில் ஸ்லீவ் ஓரளவு அகலமாவது ஸ்கேனில் தெரிகிறது, ஆனால் எடை திரும்ப ஏறுவதற்கு அதுதான் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. எப்படியானாலும் அது ஒரு நாள் சாப்பாட்டின் கணக்கு அல்ல.

இதைப் படிக்கும் வேறு யாராவது அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவராக இருந்தால், மேலே சொன்ன ஆறுதல் அவர்களுக்கு இல்லை. முதலில் நீராகாரம், பிறகு கூழ், பிறகு மென்மையான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு வழக்கமான உணவு என்று படிப்படியாகப் போவது தையல் போட்ட இடம் ஆறுவதற்காக. எத்தனை நாளில் எந்தப் படி என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பண்டிகை வந்துவிட்டது என்பதற்காக ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. அந்த நிலையில் இருப்பவர்கள் சூப்பும் தயிருமாக விருந்தில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

சரி, விருந்து கெடுக்காது என்றால் எதுதான் கெடுக்கிறது? நான் பார்த்தவரை, விருந்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற நேரம். 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 195 பேரின் எடையை நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி தொடக்கம் அல்லது நடுப்பகுதி வரையான பண்டிகைக் காலத்திலும் அதன் பிறகும் எடுத்துப் பார்த்தார்கள். பண்டிகைக் காலத்தில் ஏறியது சராசரியாக 0.37 கிலோ மட்டும்தான். ஆனால் அது அடுத்து வந்த வசந்தத்திலும் கோடையிலும் இறங்கவில்லை. அவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள் இல்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும் அதில் தெரிகிற போக்கு எனக்குப் பழக்கமானதுதான்: ஒரு பெரிய சாப்பாட்டால் வருவதைவிட, கொஞ்சமாகச் சேர்ந்து அப்படியே தங்கிவிடுவதுதான் அதிகம்.

உங்கள் விஷயத்தில் அது எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு வேளைக்கு முக்கால் கோப்பை சாப்பாட்டில் வயிறு நிறைந்துவிடும். ஆனால் சிப்ஸ், பிஸ்கட், கேக், சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து குழாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நிறைந்த உணர்வே வராது. மேசை மேல் திறந்து வைத்த தட்டிலிருந்து பேச்சுவாக்கில் கால் மணிக்கு ஒரு முறை ஒன்றை எடுத்தால், மாலைக்குள் ஒரு முழுச் சாப்பாட்டின் கலோரி உள்ளே போயிருக்கும், நீங்களோ "இன்றைக்கு ஒன்றுமே சாப்பிடவில்லை" என்று உண்மையாகவே நம்புவீர்கள். இந்தக் கொறிப்புக்கு எதிராக எந்த அறுவையும் வேலை செய்யாது. அதனால் நான்கு நாளுக்கும் என் ஒரே கண்டிப்பான விதி இதுதான்: சாப்பிடும்போது உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள், மற்ற நேரத்தில் வாய் மூடியிருக்கட்டும். எந்தப் பலகாரம் என்பதெல்லாம் அப்புறம்.

தட்டில் என்ன வைப்பது என்பதில் வரிசைதான் முக்கியம். புரதம் முதலில், அடுத்து காய்கறி, இடம் மிச்சமிருந்தால் சோறு, ரொட்டி போன்ற மாவுச்சத்து. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது, அதைக் கூடியவரை காப்பாற்றத்தான் இது. நடைமுறையில் பார்த்தால், ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கோழிக்கறி 100 கிராமில் 27 கிராமுக்குக் குறையாமல், மீனில் 20 கிராமுக்கு மேல், வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9 கிராம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பருப்பில் புரதத்தோடு மாவுச்சத்தும் சேர்ந்தே வருவதால் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். தயிர், பாலாடைக்கட்டி, சோயா, தேவைப்பட்டால் புரதப் பவுடர் என்று கலந்துதான் ஒப்பேற்ற வேண்டும். ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் அந்தப் பவுடரை எடுத்துப் போங்கள். காலையில் ஒரு முறை குடித்துவிட்டால், மதியம் தட்டில் என்ன விழுந்தாலும் பதற்றம் குறையும்.

எது தொண்டைக்குக் கீழே அடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விருந்தில் சங்கடம் தருவது பெரும்பாலும் இதுதான். காய்ந்துபோன, நார்நாரான இறைச்சி. அதிலும் முந்தின நாள் சமைத்து மறுபடி சூடாக்கியது. மெத்தென்ற புது ரொட்டி. எச்சில் பட்டதும் பிசின் மாதிரி உருண்டுகொள்ளும். குழைந்து ஒட்டுகிற சோறு. இவை மூன்றும் பலருக்கு ஒத்துவருவதில்லை, சிலருக்கு ஒன்றுமே செய்வதில்லை. நீங்கள் எந்தக் கூட்டம் என்பதை வீட்டில் தனியாக இருக்கும்போது சோதித்துப் பாருங்கள், இருபது பேர் நடுவில் வேண்டாம். குழம்போடு, சாற்றோடு இருக்கிற துண்டை எடுங்கள், வறுத்ததைவிட வேகவைத்தது இறங்கும். எண்ணெயில் பொரித்ததை ஒரு துண்டு ருசி பார்க்கலாம். அதற்கு மேல் போனால் நெஞ்செரிச்சல் வரலாம், ஸ்லீவ் செய்தவர்களுக்கு அது கூடுதலாகவே வருகிறது.

வேகம் இன்னொரு விஷயம். ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் கூழாகும் வரை மெல்லுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். விருந்தில் இதைக் கெடுப்பது சாப்பாடு இல்லை, பேச்சு. சிரித்துக்கொண்டே மெல்லாமல் விழுங்கிவிடுவோம். ஒரு வாய் போனதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள், சின்னக் கரண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. நிறுத்தவேண்டிய நேரத்தை உடம்பே சொல்லும், ஆனால் அது பழைய "வயிறு நிறைந்தது" மாதிரி இருக்காது. சிலருக்கு விக்கல், சிலருக்குத் திடீரென்று மூக்கு ஒழுகும், தும்மல் வரும், சிலருக்கு நெஞ்சு நடுவில் ஓர் அழுத்தம். ஐந்து மாதத்தில் உங்களுடையது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது வந்த பிறகு ஒரு வாய் கூட வேண்டாம். யாரும் தவறாக நினைப்பார்களோ என்று எடுக்கிற அந்தக் கடைசி வாய்தான் குளியலறைக்கு ஓடவைக்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், முடித்து அரை மணி நேரம் பொறுங்கள் என்பது பேரியாட்ரிக் உலகில் மந்திரம் போலச் சொல்லப்படுவது. தண்ணீர் உணவைச் சீக்கிரம் கீழே தள்ளிவிடும், அதனால் பசி சீக்கிரம் திரும்பும் என்பது விளக்கம். உண்மையைச் சொன்னால், இதற்கு ஆய்வு ஆதாரம் மெலிந்துதான் இருக்கிறது. நான் இதைப் பரிந்துரைப்பது வேறு காரணத்துக்காக: நிறைந்த குழாயில் தண்ணீரும் சேர்ந்தால் வலிக்கும், வாந்தி வரும். தொண்டை நனைக்க ஒரு மிடறு குடித்தால் குடி முழுகிப் போகாது. அதைவிட முக்கியம், நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை லிட்டராவது உள்ளே போகவேண்டும் என்பது. விருந்தினர் கூட்டத்தில் இது எளிதாக மறந்துபோகும், இரண்டாம் நாள் தலைவலியும் மயக்கமும் வரும். பாட்டிலைக் கையோடு வைத்திருங்கள். சோடா, குளிர்பானம் போன்ற வாயு நிறைந்தவற்றால் வயிறு விரியும் என்பது நிரூபிக்கப்படாத பேச்சு. ஆனால் வாயு உப்பி வலிப்பது நிஜம், சர்க்கரை போட்டதென்றால் அது வேறு தொல்லை. விட்டுவிடுவதே நல்லது.

இனிப்புக்கு வருவோம், நீங்கள் இதற்காகத்தான் காத்திருந்திருப்பீர்கள். பைபாஸ் என்பது இன்னொரு வகை எடைக் குறைப்பு அறுவை, அதில் இரைப்பையைச் சிறு பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். அதைச் செய்தவர்களுக்கு, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வாசலில் இருக்கும் பைலோரஸ் தசை வழியில் இல்லை. சர்க்கரை நேராகச் சிறுகுடலில் போய் விழும். குடல் அதை நீர்க்கச்செய்யத் தண்ணீரை இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு. இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை விறுவிறுவென்று ஏற, இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, ரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே விழும். கை நடுங்கும், கண் இருட்டும். ஸ்லீவில் பைலோரஸ் இருக்கிறது, அதனால் இவை குறைவு. ஆனால் வராது என்று சொல்ல முடியாது, குழாயிலிருந்து உணவு முன்னைவிட வேகமாகத்தான் இறங்குகிறது. உங்களுக்கு இதுவரை வந்ததே இல்லை என்றால், சாப்பாடு முடிந்த பிறகு இரண்டு மூன்று கரண்டி இனிப்பு சாப்பிடலாம் என்பது என் கருத்து. வெறும் வயிற்றில் வேண்டாம், திரவமாக வேண்டாம். பழச்சாறும் இனிப்புப் பானமும்தான் மிக வேகமாக இறங்குபவை. எல்லா வகையிலும் ஒவ்வொரு கரண்டி என்று போகாமல், உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றை மட்டும் எடுங்கள். "சர்க்கரை இல்லாதது" என்று எழுதிய மிட்டாய்களை நம்பி ஏமாறாதீர்கள். அவற்றில் பலவற்றில் சார்பிட்டால், மால்டிட்டால் என்ற சர்க்கரை மாற்றுகள் இருக்கும். நாலைந்து தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும்.

என் சக பணியாளர்கள் சிலர் இனிப்பு என்றாலே கூடாது என்பார்கள். ஒரு கரண்டி பத்துக் கரண்டியாகும் என்பது அவர்கள் அனுபவம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒன்றை எடுத்தால் நிறுத்த முடியாது என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், அவர்கள் பக்கம் நில்லுங்கள்.

மது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பைபாஸுக்குப் பிறகு அதே அளவு மது ரத்தத்தில் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது என்பது நிச்சயம். ஸ்லீவில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, ஆனால் எச்சரிக்கை அதேதான். 2012-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மதுப் பிரச்சினை முதல் வருடத்தில் அல்ல, இரண்டாவது வருடத்தில் கூடுவதைக் காட்டியது. பைபாஸ் செய்தவர்களிடம் அது கூடுதல். ஐந்தாவது மாதத்தில் "ஒரு கிளாஸ்தானே, ஒன்றும் ஆகவில்லையே" என்பது அதனால் எனக்குத் தைரியம் தரும் பேச்சு இல்லை. எடை வேகமாகக் குறையும் இந்தக் காலத்தில் தொடாமல் இருப்பது நல்லது. தொட்டவர்கள் வண்டி ஓட்டக்கூடாது, ஒரே கிளாஸ் என்றாலும்.

மாத்திரைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மல்ட்டி வைட்டமின், பி12, டி, கால்சியம், இரும்புச்சத்து என்று உங்களுக்கு எழுதியிருப்பது எதுவோ அது நான்கு நாளும் நடக்கவேண்டும். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், ஒன்று இன்னொன்றை உறிஞ்சவிடாது. தலைவலி, கால்வலி என்று யாராவது கையில் ஒரு வலி மாத்திரையைத் திணிப்பார்கள், கவனம்: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். ஸ்லீவில் அந்த ஆபத்து குறைவு என்றாலும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ இன்னும் தொடர்ந்தால், "விருந்துக்கு இடம் வைக்கிறேன்" என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். மருந்தே இல்லாதவர்களுக்கும் இது மோசமான யோசனைதான். பசியோடு போனால் முதல் ஐந்து நிமிடத்தில் வேகம் கை மீறிவிடும்.

அப்புறம் உறவினர்கள். "ஒரு வாய்தானே, எனக்காக" என்று வருவார்கள். அறுவை பற்றி அவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், யாருக்கும் விளக்கம் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை நீங்கள். சொல்லாமல் சமாளிப்பதென்றால், மறுப்பதைவிட வாங்கிக்கொள்வது எளிது. தட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், மெதுவாகக் கிளறுங்கள், நன்றாக இருக்கிறது என்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். தட்டு காலியானால்தான் அடுத்த கரண்டி வந்து விழும். மிச்சம் வைத்தால் உணவை வீணாக்குகிறோமே என்று மனம் உறுத்தினால், சிறிய தட்டு கேட்டு வாங்குங்கள், அல்லது வீட்டில் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி அவர் பக்கத்தில் உட்காருங்கள். பரிமாறுபவரைத் தடுக்கும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார். விருந்தைச் சமைப்பதில் நீங்களும் கை கொடுக்க முடிந்தால், உங்களுக்கு ஒத்துவரும் ஒரு புரதப் பதார்த்தத்தை எல்லோருக்குமாகச் செய்துவிடுங்கள். தனிச் சமையல் என்ற பேச்சே வராது.

எப்போது மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள், விடுமுறை என்று தள்ளிப்போடக்கூடாத விஷயம் இது. தண்ணீர்கூட நிற்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி, விடாத கடும் வயிற்றுவலி, காய்ச்சலோடு நாடித்துடிப்பு எகிறுவது, கறுப்பாக மலம் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பரவும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை சட்டென்று குறையும் மாதங்களில் அது உருவாவது சகஜம். பல நாள் வாந்தி எடுத்தவருக்குக் குழப்பம், தடுமாறும் நடை, பார்வை இரட்டையாகத் தெரிவது வந்தால் அது தயமின் என்ற பி1 குறைபாடாக இருக்கலாம். அங்கே பணியில் இருக்கும் மருத்துவரிடம் அறுவை நடந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் கொடுக்கவேண்டும். அறுவை விவரம் எழுதிய தாளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

திரும்பி வந்ததும் மறுநாள் காலையே எடை பார்க்காதீர்கள். உப்பான சாப்பாட்டால் உடம்பில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டலாம். நாலைந்து நாள் வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள். இணையத்தில் "வயிற்றை மறுபடி சுருக்கும் ஐந்து நாள் திரவ உணவு" என்று ஒன்று சுற்றுகிறது. அது எதையும் சுருக்குவதாக ஆதாரம் இல்லை. எடை குறைந்தாலும் அது பட்டினியால்தான், புரதம் போதாமல் தசையும் சேர்ந்து போகும். அதற்குப் பதில் ஆறாவது மாதப் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி மூன்றையும் எழுதித்தரச் சொல்லுங்கள். ஊரில் எது அடைத்தது, எது இறங்கியது என்று குறித்து வைத்தால் அதையும் உங்கள் உணவியல் நிபுணரிடம் காட்டலாம்.